பெயரை விட்டுப் பதத்தைப் பார்ப்போம்: கர்ப்பகாலத்தில் கொரிய உணவு

கர்ப்பிணிகள் கொரிய உணவில் எதைச் சாப்பிடலாம் என்று சொல்லும் பட்டியல்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. இந்தப் பக்கம் 'சாப்பிடலாம்', அந்தப் பக்கம் 'கூடாது'. ஒரு பட்டியலில் கிம்ச்சி கூடாது. இன்னொன்றில் கிம்ச்சி தாராளமாகச் சாப்பிடலாம், வயிற்றுக்கு நல்லது. கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டிய கிம்பாப்பில் பச்சை மீன் கிடையாது, ஆகவே பயமில்லை. கடற்பாசிச் சூப் கொரியத் தாய்மார்கள் தலைமுறை தலைமுறையாகக் குடித்துவருவது, ஆகவே சத்து. காரம் குழந்தைக்கு ஆகாது. இந்த வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்த்தால், பல இடங்களில் தேவையில்லாத பயத்தைக் கிளப்புகின்றன. உண்மையிலேயே பயப்பட வேண்டிய சில இடங்களில் தைரியம் சொல்லிவிட்டுப் போகின்றன. அவை உணவின் பெயரைத்தான் பார்க்கின்றன. அந்த உணவு எந்தப் பதத்தில், அடுப்பை விட்டு இறங்கி எவ்வளவு நேரம் கழித்துத் தட்டுக்கு வந்தது என்பதைப் பார்ப்பதில்லை.

ஒரு காளானிலிருந்து தொடங்குகிறேன். 2020 மார்ச்சில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 17 மாநிலங்களில் 36 பேருக்கு லிஸ்டீரியா என்ற கிருமி தொற்றியிருந்தது. நான்கு பேர் இறந்திருந்தார்கள். 36 பேரில் ஆறு பேருக்கு வந்த தொற்று கர்ப்பம் சம்பந்தப்பட்டது; அவற்றில் இரண்டு கருக்கள் பிழைக்கவில்லை. மூலத்தைத் தேடிப் போனதில் அகப்பட்டது கொரியாவிலிருந்து இறக்குமதியான எனோக்கி காளான். நூல் நூலாக வெள்ளைத் தண்டும் குண்டூசித் தலையுமாக, ஒரே அடியிலிருந்து கொத்தாக முளைத்திருக்குமே, அதுதான். இறைச்சி, மீன், முட்டை என்று எச்சரிக்கும் பட்டியல்களில் காளானுக்கு இடமே இருப்பதில்லை.

கொரியாவில் அந்தக் காளான் கொதிக்கிற குழம்பில் போகிற பொருள். மண்சட்டியில் தளதளவென்று கொதித்துக்கொண்டே மேசைக்கு வரும் ஜிகே வகைகளில் அதைப் போடுவார்கள். இறைச்சியோடு சேர்த்துச் சுடுவார்கள். முட்டையில் தோய்த்துத் தட்டையாகப் பொரிப்பார்கள். அமெரிக்காவிலோ அதைச் சாலடில் பச்சையாகத் தூவும் வழக்கம் இருந்தது. கடல் தாண்டிப் போனபோது காளான் மட்டும் போயிற்று, அதைச் சமைக்கும் வழக்கம் கூடப் போகவில்லை. பிறகு கொரிய அரசு, சூடாக்கிச் சமைத்த பிறகே உண்ண வேண்டும் என்ற வாசகத்தை எனோக்கி பொட்டலத்தில் அச்சிடுவதைக் கட்டாயமாக்கியது. ஆக, ஆபத்து கொரியச் சமையலில் இல்லை. அதிலிருந்து நெருப்பைக் கழித்ததில் இருந்தது.

லிஸ்டீரியாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கர்ப்பகால உணவு விதிகளில் பாதி அதை வைத்து எழுந்தவை. மற்றக் கிருமிகளில் பெரும்பாலானவை குளிர்பதனப் பெட்டியில் அடங்கிக் கிடக்கும்; இது அங்கேயும் மெல்லப் பெருகும். கர்ப்பிணிகளுக்கு அது தொற்றும் வாய்ப்பு மற்றவர்களைப்போலப் பத்து மடங்கு. தாய்க்கு லேசான காய்ச்சல், உடம்பு வலி என்ற அளவோடு போய்விடும். ஆனால் நச்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையை அடைந்துவிட்டால் கருச்சிதைவு, குறைப்பிரசவம், இறந்து பிறத்தல் வரை போகும். நன்றாக வேகவைத்தால் செத்துவிடும் என்பதுதான் அதன் பெரிய பலவீனம். எனோக்கியைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. அதன் தண்டு மிக மெல்லியது. சூடான சூப்பில் போட்ட மாத்திரத்தில் துவண்டுவிடும். துவண்டதெல்லாம் வெந்ததாகாது. கொத்தின் அடிப்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மீதியை இழை இழையாகப் பிரித்து, சட்டி கொதிக்கும்போது போட்டு, போட்ட பிறகும் சில நிமிடங்கள் கொதிக்கவிட வேண்டும். இப்போது சென்னை உணவகங்களில் கொரிய நூடுல்ஸ் கிண்ணத்தின்மேல், அடுப்பை அணைத்த பிறகு அழகுக்காக ஒரு கொத்து எனோக்கியைச் செருகித் தருவது உண்டு. கர்ப்பிணி அதைத் திருப்பி அனுப்பி, கொதிக்கவைத்துத் தரச் சொல்வதில் எந்தக் கூச்சமும் வேண்டாம்.

இனி, எந்தப் பட்டியலும் தவறாமல் சொல்வது, நானும் மறுக்காதது: பச்சை இறைச்சியும் பச்சைக் கடலுணவும். யுக்ஹே என்பது பச்சை மாட்டிறைச்சியை மெல்லிசாக நறுக்கி, நல்லெண்ணெயும் பேரிக்காயும் சேர்த்து, மேலே பச்சை மஞ்சள்கருவை வைத்துத் தருவது. ஜப்பானில் 2011 ஏப்ரலில் ஓர் உணவகக் குழுமத்தின் கிளைகளில் இதே பண்டத்தைச் சாப்பிட்ட 181 பேர் ஈ. கோலை வகைக் கிருமியால் நோயுற்றார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். அதன்பின் அந்த நாடு பச்சை மாட்டிறைச்சிக்குக் கடுமையான விதிகளைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு பச்சை மாட்டு ஈரல் விற்பதையே தடை செய்தது. இறைச்சி வழியாக வரும் டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணி வேறு இருக்கிறது. அது முதன்முறையாகக் கர்ப்பகாலத்தில் தொற்றினால் குழந்தையின் கண்ணையும் மூளையையும் தாக்கும். கொரியாவில், சோற்றின்மேல் காய்கறியும் இறைச்சியும் வைத்துத் தரும் பிபிம்பாப்பிலும் யுக்ஹே வைக்கும் கடைகள் உண்டு. ஜொஞ்ஜு நகரத்துப் பிபிம்பாப் அதற்குப் பெயர்போனது. ஆகவே பிபிம்பாப் பத்திரமானது என்று பொதுவில் சொல்வது பாதி உண்மைதான். காய்கறியும் வெந்த இறைச்சியும் முழுக்கப் பொரித்த முட்டையுமாக வந்தால் அது நல்ல சாப்பாடு. பச்சை மஞ்சள்கருவோடு வந்தால், சூடான கல்சட்டியில் வந்தாலும் அந்தச் சூட்டை நம்பக் கூடாது.

பட்டியல்கள் அடிக்கடி கோட்டைவிடுவது உப்பில் ஊறிய கடலுணவை. சோயா சாற்றில் ஊறிய நண்டு, கான்ஜாங் கேஜாங், கொரியர்கள் உயிரை விடும் பண்டம். சாற்றைக் கொதிக்கவைத்துத்தான் ஊற்றுகிறார்கள் என்பதால் நண்டும் வெந்துவிட்டதாக நினைப்பவர்கள் உண்டு. கொதித்த சாற்றை நன்றாக ஆறவைத்த பிறகே ஊற்றுவார்கள். நண்டு கடைசிவரை பச்சையாகவே இருக்கும். கொரியாவில் 2019இல் மஞ்சள்காமாலை ஏ வகை பரவியது. செப்டம்பருக்குள் நோயாளிகள் 14,000ஐத் தாண்டினார்கள். நோய்த்தடுப்புத் துறை ஆராய்ந்து, முக்கியக் காரணம் உப்பில் ஊறிய சிப்பி என்று அறிவித்து, அதைச் சாப்பிடுவதை நிறுத்தச் சொன்னது. உப்பில் ஊறிவிட்டால் பச்சை இல்லை என்ற நம்பிக்கை அந்த ஒரே வருடத்தில் தோற்றுப்போனது. வைரஸுக்கு உப்பு ஒரு பொருட்டே அல்ல. நவம்பர், டிசம்பரில் கிம்ச்சி போடும் பருவத்தில் பச்சைச் சிப்பியைச் சேர்த்துப் பிசைந்து, வேகவைத்த பன்றி இறைச்சியோடு அன்றைக்கே சாப்பிடுவார்கள். குளிர்காலம், வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோ வைரஸின் காலமும் கூட. கர்ப்பிணி அந்த இறைச்சியைச் சாப்பிடலாம். சிப்பியைத் தொட வேண்டாம்.

'ஒன்பது மாதந்தானே, எல்லாவற்றையும் விட்டுவிட்டால் என்ன?' என்று கேட்பவர்களின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் பயத்துக்கும் விலை உண்டு. மசக்கையில் எதுவும் இறங்காமல் தவிக்கும் பெண்ணுக்குப் புளித்த கிம்ச்சிக் குழம்பும் சோறும் மட்டும் இறங்குகிறது என்றால், அதைப் பிடுங்கிக்கொள்வது உதவி ஆகாது. கணவரின் வேலை நிமித்தம் கொரியாவின் சுவோனிலோ தேஜோனிலோ குடியிருக்கும் தமிழ்ப் பெண் கொரிய உணவை ஒட்டுமொத்தமாகத் தவிர்க்க முடியாது. டோஃபு, பயறுமுளை, கீரை, சுட்ட மீன், புளிக்கவைத்த சோயா விழுது என்று அந்தச் சமையலில் கர்ப்பிணிக்கு வேண்டிய சத்துகள் நிறையக் கிடக்கின்றன. அவற்றையும் சேர்த்துத் தள்ளிவைப்பது நட்டம்.

இப்போது கிம்ச்சி. மிக அதிகம் சந்தேகிக்கப்படுவதும், அதே அளவு கண்மூடிப் புகழப்படுவதும் அதுதான். சந்தேகிப்பவர்களின் வாதம்: சமைக்காதது, கிருமிநீக்கம் செய்யாதது, உயிருள்ள கிருமிகள் நிறைந்தது. இது உண்மையே. ஆனால் கிம்ச்சி புளிக்கும்போது என்ன நடக்கிறது? உப்பில் ஊறிய முட்டைக்கோஸில் லாக்டிக் அமிலம் சுரக்கும் பாக்டீரியாக்கள் பெருகி, கலவையின் பி.எச். அளவைச் சுமார் 4.2க்கு இறக்கிவிடுகின்றன. அந்தப் புளிப்பில் லிஸ்டீரியா பெருக முடியாது. மெல்ல மெல்லச் சாகிறது. நம் வழக்கமான அறிவுக்கு நேர்மாறான முடிவு இதிலிருந்து கிடைக்கிறது: அன்றைக்குப் பிசைந்த புதுக் கிம்ச்சியைவிட, புளித்துப் பதமான கிம்ச்சியே பாதுகாப்பு அதிகம். அன்றன்றைக்குக் கலந்து பரிமாறும் கொட்ஜொரி என்ற புதுக் கிம்ச்சிக்கு அந்தப் புளிப்புக் கவசம் கிடையாது. அது மசாலா பூசிய பச்சைக் காய்கறிதான்.

புகழ்பவர்கள் மறப்பது வேறொன்று. புளிப்பு பாக்டீரியாவை அடக்கும்; வைரஸை அடக்காது. 2024 ஜூலையில் கொரியாவின் நாம்வோன் நகரத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட குழந்தைகள் உட்பட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக விழுந்தபோது, அங்கு தரப்பட்ட கிம்ச்சியில் நோரோ வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. பாக்டீரியா விஷயத்திலும் புளிப்பு முழு உத்தரவாதம் அல்ல: 2021 டிசம்பருக்கும் 2022 ஜனவரிக்கும் இடையில் கனடாவின் இரண்டு மாகாணங்களில் கிம்ச்சி சாப்பிட்ட 14 பேருக்கு ஈ. கோலை தொற்றியது. கிம்ச்சி தினமும் கோடிக்கணக்கானவர்கள் உண்ணும் உணவு என்பதை வைத்துப் பார்த்தால் இவை அபூர்வச் சம்பவங்கள். ஆனாலும் கிம்ச்சியின் பாதுகாப்பு அதைக் கழுவிய தண்ணீரைத் தாண்டிப் போகாது என்பதை அவை காட்டுகின்றன.

தண்ணீர் என்று வரும்போது நம் ஊருக்கும் சியோலுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லாமல் விட முடியாது. அசுத்தமான தண்ணீர் வழியாக வரும் மஞ்சள்காமாலை ஈ வகை நம் நாட்டில் இன்னும் உலவுகிறது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் அது தாக்கினால் நூற்றுக்கு 20 முதல் 25 பெண்கள் இறக்கக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கர்ப்பகாலத்தில் இவ்வளவு கொடூரமாக மாறும் உணவுவழி நோய்கள் மிகக் குறைவு. ஹூண்டாய் ஆலை 1998இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து சென்னை வட்டாரத்தில் கொரிய உணவகங்கள் வளர்ந்து நல்ல தரத்துக்கு வந்திருக்கின்றன. வீட்டிலேயே கிம்ச்சி போட்டு விற்பவர்களும் பெருகிவிட்டார்கள். எல்லோரும் எந்தத் தண்ணீரில் முட்டைக்கோஸை அலசுகிறார்கள் என்பது வாங்குபவருக்குத் தெரியாது. எனவே கிம்ச்சியில் என் முடிவு இரண்டாகப் பிரிகிறது. கொரியாவில் இருப்பவர், நன்கு புளித்த, நம்பகமான தயாரிப்பாளரின் கிம்ச்சியை அளவாகத் தொட்டுக்கொள்ளலாம். இங்கே இருப்பவர், கொதிக்கவைத்த நீரிலோ சுத்திகரித்த நீரிலோ அலசி வீட்டில் போட்டுப் புளிக்கவைத்ததை மட்டும் பச்சையாகச் சாப்பிடட்டும். மற்றதெல்லாம் கிம்ச்சி ஜிகே ஆகட்டும், அல்லது வதக்கிச் சோற்றில் கலக்கட்டும். கொரியர்களே முற்றிப் புளித்த கிம்ச்சியைக் குழம்புக்குத்தான் ஒதுக்குவார்கள். ருசியில் இழப்பு ஒன்றுமில்லை.

கிம்ச்சியில் சிக்கிக்கொண்ட பயத்தைக் கொஞ்சம் எடுத்து கிம்பாப்பின்மேல் வைக்க வேண்டும். பச்சை மீன் இல்லாததால் எல்லாப் பட்டியலிலும் அது தேர்ச்சி பெற்றுவிடுகிறது. ஜப்பானியச் சுஷி சோற்றில் வினிகர் சேர்ப்பார்கள். அந்தப் புளிப்பு ஒரு சிறு தடுப்பு. கொரியக் கிம்பாப் சோற்றில் வழக்கமாக உப்பும் நல்லெண்ணெயும்தான். உள்ளே முட்டைப் பொரியல், ஹாம், கீரை, கேரட். எல்லாமே முன்கூட்டிச் சமைத்து, ஆறவைத்து, கையால் அடுக்கிச் சுருட்டி, கடையின் முன்னால் அடுக்கி வைத்தவை. கோடையில் அந்த அடுக்கு பாக்டீரியாவுக்குப் பண்ணை. 2021இல் சோங்னாம் நகரின் பூந்தாங் பகுதியில் ஒரு கிம்பாப் கடையின் இரண்டு கிளைகளில் சாப்பிட்ட 270க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். சால்மொனெல்லா கிருமி உறுதியானது. கிம்பாப்புக்கு என் விதி நேரம் மட்டுமே. கண்ணெதிரே சுருட்டித் தந்ததை உடனே சாப்பிடலாம். காலையில் கட்டிய பொட்டலத்தை மத்தியானம் பிரிக்க வேண்டாம். மேசையில் வரிசையாக வரும் சிறு தட்டுப் பக்க உணவுகளுக்கும் இதே விதிதான். வெகுநேரம் வெளியில் திறந்தபடி இருக்கும் பஃபே வகைகளுக்கு இன்னும் கறாராக.

மேசையிலேயே இறைச்சி சுடும் கடைகளுக்குப் பட்டியல்கள் தாராளமாக அனுமதி கொடுக்கின்றன: இறைச்சி நன்றாக வெந்தால் போதும். சொன்னது சரிதான், ஆனால் இடுக்கியை மறந்துவிட்டார்கள். மேசைக்கு ஓர் இடுக்கி, ஒரு கத்தரிக்கோல் வருகிறது. பச்சைப் பன்றி இறைச்சிப் பட்டையை அந்த இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைக்கிறார்கள். பாதி வெந்ததை அதே கத்தரிக்கோலால் துண்டுபோடுகிறார்கள். வெந்ததை அதே இடுக்கியால் எடுத்து உங்கள் லெட்டூஸ் இலையில் வைக்கிறார்கள். அதற்குள் இன்னொரு பச்சைப் பட்டை கல்லில் ஏறியிருக்கும். பச்சை இறைச்சியின் சாறு இப்படி வெந்த துண்டோடு கைக்கு வந்துவிடுகிறது. இரண்டாவது இடுக்கி கேட்டால் எந்தக் கடையிலும் தருவார்கள். இறைச்சியைச் சுற்றிச் சாப்பிடும் லெட்டூஸும் பெரில்லா இலையும் பச்சையாக வருபவை. வீட்டில் ஒவ்வொரு இலையாகப் பிரித்துக் கழுவலாம், கடையில் கழுவியது எப்படியோ தெரியாது. நம் ஊர்க் கடையில் நான் இலையைத் தவிர்க்கச் சொல்வேன்.

பெயரையும் பதத்தையும் குழப்பிக்கொள்வது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல. கொரியாவில் 1800ஆம் ஆண்டு சாஜுதாங் யீ என்ற பெண்மணி கர்ப்பிணிகளுக்காக 'தேக்யோ சின்கி' என்ற நூலை எழுதினார். பெண்ணே பெண்களின் கர்ப்பத்தைப் பற்றி எழுதியது என்பதே அதன் பெருமை. அதில் உணவைப் பற்றிய பகுதியில் இரண்டு வகை விதிகள் அருகருகே இருக்கின்றன. அரைவேக்காடு, கெட்டுப்போன மீன், நாற்றமும் நிறமும் மாறிய இறைச்சி, பச்சைக் காய்கறி, ஆறிப்போன சாப்பாடு கூடாது என்பது ஒரு வகை. நண்டு தின்றால் குழந்தை குறுக்கே வரும், பூண்டு கருவைக் கரைக்கும் என்பது போன்றவை மற்றொரு வகை. முதல் வகை உணவின் நிலையைப் பார்த்தது. கிருமியால் நோய் வரும் என்பதே தெரியாத காலத்தில் எழுதப்பட்டும் இன்றைய மருத்துவத்தோடு அச்சொட்டாகப் பொருந்துகிறது. இரண்டாவது வகை பெயரைப் பார்த்தது; நிற்கவில்லை. கிம்ச்சி முழுக்கப் பூண்டுதான், கொரியப் பெண்கள் பெற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். யீ அம்மையாரின் முதல் வகை விதிகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பெண் இன்று கொரியச் சந்தைக்குப் போனால், நான் இதுவரை சொன்ன ஆபத்துகளில் பெரும்பாலானவற்றைத் தாண்டிவிடுவாள். யுக்ஹே, எனோக்கி, கேஜாங், காலையில் கட்டிய கிம்பாப் எல்லாமே அந்த விதிகளுக்குள் அடங்கிவிடுகின்றன.

சிலவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். காரம் குழந்தையை ஒன்றும் செய்யாது. தாய்க்கு நெஞ்செரிச்சல் வந்தால் குறைத்துக்கொள்ளட்டும். உப்பு: ஒரு பொட்டலக் கொரிய நூடுல்ஸில் சுமார் 1,700 மில்லிகிராம் சோடியம் இருக்கும், ஒரு நாளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பே 2,000தான். அடிக்கடி வேண்டாம். ஆனால் உப்பைக் குறைத்தால் கர்ப்பகால இரத்தக்கொதிப்பு நோயைத் தடுக்கலாம் என்பதற்கு ஆதாரம் இல்லை. அந்தப் பெயரில் பெண்களை மிரட்டுவது தவறு. மக்கொல்லி, சோஜு என்ற மதுவகைகள் இரண்டும் வேண்டாம், ஒரு மிடறும் வேண்டாம். தெருக்கடையில் சுண்டே என்ற, இரத்தம் கலந்து குடலில் அடைத்த உணவோடு அவித்த பன்றி ஈரலையும் நறுக்கி வைப்பார்கள். 100 கிராம் ஈரலிலேயே வைட்டமின் ஏ ஒரு நாளின் உச்சவரம்பான 3,000 மைக்ரோகிராமைத் தாண்டிவிடும், அது கருவுக்கு ஆகாது. சம்கேதாங் கோழிச் சூப்பில் ஒரு ஜின்செங் வேர் கிடக்கும். அதிலுள்ள ஒரு பொருள் எலிக் கருக்களில் குறைபாட்டை உண்டாக்கியதாக ஹாங்காங் ஆய்வாளர்கள் 2003இல் காட்டினார்கள். சோதனைச்சாலை எலிக் கருவும் மனிதக் கருவும் ஒன்றல்ல. சூப் ஒரு தடவை குடித்துவிட்ட பெண் பதற வேண்டியதில்லை, ஆனால் ஜின்செங் சாறு, மாத்திரை எதையும் நாள்தோறும் எடுக்க வேண்டாம். மீனில் பாதரசம்: சாதாரண மீனும் டின் சூரையும் வாரத்துக்கு 400 கிராம் வரை, பெரிய சூரை, சுறா, ஆழ்கடல் மீன் 100 கிராமுக்குள் என்று கொரிய உணவுத் துறை கர்ப்பிணிகளுக்குச் சொல்கிறது. கியோங்சாங் பகுதியில் படையலுக்கு வைக்கும் சுறா இறைச்சி, தொம்பேகி, இந்த எச்சரிக்கைக்குள் வருவது. நம் ஊரில் சுறாப்புட்டு ஆசைப்படும் கர்ப்பிணிக்கும் இது பொருந்தும்.

கடைசியாக, யாரும் சந்தேகிக்காத கடற்பாசி. என் கணக்கில் கொரிய உணவில் கர்ப்பிணி உண்மையிலேயே கணக்குப் பார்த்துச் சாப்பிட வேண்டியது இதுதான். நெருப்பு இங்கே உதவாது. பிரச்சினை கிருமியே இல்லை, அயோடின்.

கர்ப்பிணிக்கு ஒரு நாளில் 250 மைக்ரோகிராம் அயோடின் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 500க்கு மேல் போனால் பலன் கூடுவதில்லை. ஐரோப்பா 600 என்றும் அமெரிக்கா 1,100 என்றும் உச்சவரம்பு வைத்திருக்கின்றன. கடற்பாசியிலேயே வாழும் கொரியா, பெரியவர்களுக்கு 2,400 வரை அனுமதிக்கிறது. பாசிகளுக்குள்ளும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு. கிம்பாப்பைச் சுற்றும் மெல்லிய கிம் தாள் ஒன்றில் ஐம்பது, நூறு மைக்ரோகிராம்தான் இருக்கும். அதைத் தாராளமாகச் சாப்பிடலாம். மியொக் என்ற பழுப்புப் பாசியில் உலர்ந்த ஒரு கிராமுக்கு ஏறத்தாழ நூறு; ஒரு கிண்ணம் சூப்புக்கு ஐந்து முதல் பத்து கிராம் போனால், அந்தக் கிண்ணத்திலேயே 500 முதல் 1,000 வரை வந்துவிடும். தாசிமா என்ற தடித்த பாசியிலோ ஒரே கிராமில் ஆயிரத்துக்கு மேல். கொரிய வீடுகளில் நெத்திலிக் கருவாட்டோடு ஒரு துண்டுத் தாசிமாவைக் கொதிக்கவிட்டு எடுக்கும் சாறுதான் பல குழம்புகளுக்கு அடித்தளம். கொதித்ததும் துண்டை எடுத்துப் போட்டுவிடுகிறோமே என்று ஆறுதல் கொள்ள முடியாது. அயோடினில் பெரும்பகுதி தண்ணீரில் இறங்கிவிடும், எறிவது சக்கையைத்தான். நான்கு கிராம் துண்டு ஒன்று நான்கு பேர் குழம்புக்குப் போனால், ஆளுக்கு ஆயிரம் மைக்ரோகிராம் கண்ணுக்குத் தெரியாமல் வயிற்றுக்குள் போகிறது.

அதனால் என்ன, கொரியப் பெண்கள் காலங்காலமாக இதைத்தானே சாப்பிடுகிறார்கள் என்ற கேள்வி நியாயமானது. சிறுவயதிலிருந்து அதிக அயோடினுக்குப் பழகிய தைராய்டு ஒரு மாதிரி. திடீரென்று அதைச் சந்திக்கும் தைராய்டு வேறு மாதிரி. நம் பெண்களுக்கு அயோடின் கலந்த உப்பிலும் பல நேரங்களில் கர்ப்பகால மாத்திரையிலும் தேவையானது ஏற்கெனவே கிடைத்துவிடுகிறது. அதன்மேல் பாசி ஏறுகிறது. குழந்தையின் நிலை இன்னும் முக்கியம். அயோடின் வெள்ளமாக வந்தால் தைராய்டு தற்காலிகமாகக் கதவை அடைத்துக்கொள்ளும். பெரியவர்களில் சில நாட்களில் அந்த அடைப்பு விலகிவிடும். கருவில் இருக்கும் குழந்தைக்கு அப்படி விலக்கிக்கொள்ளும் திறன் ஏறக்குறைய 36ஆவது வாரத்தில்தான் முதிர்கிறது. தாயைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. குழந்தையின் தைராய்டு சுரப்பு குறைந்திருக்கும். அதிகப் பாசி சாப்பிட்ட தாய்க்குப் பிறந்த குழந்தையின் தைராய்டு குறைபாட்டை ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதே நாட்டில் 2009இல், கடற்பாசிச் சாறு சேர்த்த ஒரு சோயாப் பால் தயாரிப்பு பலரின் தைராய்டைக் குலைத்ததால் திரும்பப் பெறப்பட்டது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் பழுப்புப் பாசியை வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் உண்ண வேண்டாம் என்று ஆஸ்திரேலிய, நியூசிலாந்து உணவுத் தர நிறுவனம் சொல்வது, இந்த ஆதாரங்களையெல்லாம் பார்க்கும்போது எனக்கு நிதானமான முடிவாகவே படுகிறது.

ஆகவே: கிம் தாளுக்குக் கட்டுப்பாடு வேண்டாம். மியொக் சூப் வாரத்துக்கு ஒரு கிண்ணம். வீட்டுச் சாறுக்குத் தாசிமாவை விட்டுவிட்டு நெத்திலி, முள்ளங்கி, வெங்காயம் போதும். சாறு ருசியாகவே இறங்கும். ஜேஜு தீவில் சோற்றோடு வேகவைக்கும் தொட் என்ற கரும்பாசியைக் கர்ப்பகாலத்தில் அறவே தவிர்க்க வேண்டும், ஏனென்றால் அதில் கனிம ஆர்சனிக் இருக்கிறது. ஜப்பானில் ஹிஜிக்கி எனப்படும் அதே பாசியை உண்ண வேண்டாம் என்று பிரிட்டன் 2004இலேயே தன் மக்களுக்குச் சொல்லிவிட்டது. தைராய்டுக்கு மாத்திரை எடுக்கும் பெண்கள் பாசி விஷயத்தில் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் கூட்டவும் வேண்டாம், திடீரென்று குறைக்கவும் வேண்டாம்.

பிரசவத்துக்குப் பிறகான நாட்கள்தான் மிகக் கடினம். கொரியாவில் குழந்தை பிறந்த 21 நாட்களும் மியொக் சூப்தான், பல வீடுகளில் வேளாவேளைக்கு. மகப்பேற்றுக்குப் பின் தாய்மார் தங்கும் பராமரிப்பு இல்லங்களிலும் அதுவே. மாமியார் அன்போடு நீட்டும் கிண்ணத்தை மறுக்க எந்த மருமகளுக்கும் மனம் வராது, மறுக்கவும் வேண்டாம். மூன்று வேளையை வாரத்தில் ஒரு கிண்ணமாகக் குறைத்து, பாசியின் அளவைக் கொஞ்சமாக்கி இறைச்சியைக் கூட்டச் சொல்லலாம். குறைமாதக் குழந்தை என்றால் இன்னும் கண்டிப்பு தேவை, ஏனென்றால் அயோடின் தாய்ப்பாலிலும் இறங்கும். குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்துத் தைராய்டைப் பார்க்கும் பரிசோதனையை அந்தக் குழந்தைக்குத் தவறாமல் செய்ய வேண்டும். அப்போது தாய் இத்தனை நாள் கடற்பாசிச் சூப் குடித்தாள் என்பதைக் குழந்தை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். சியோல் மருத்துவருக்கு அந்தக் கேள்வி தானாகவே தோன்றும். சென்னை மருத்துவருக்குத் தோன்றக் காரணமில்லை.